மிதவை உயிரிகளை அள்ளும் வலையில் டாப்னியா (நீர்த்தெள்ளு) இல்லையென்றால் மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளம் கெட்டுவிட்டதா?

இல்லை. குளக்கட்டோரம் பகல் பதினொரு மணிக்கு அள்ளிய ஒரேயொரு நீர் மாதிரியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வெயிலேற ஏற, நுண்ணிய ஓட்டுமீன்களான கோப்பிப்போடுகளும் கிளாடோசெராக்களும் (டாப்னியா இந்தக் கூட்டம்தான்) ஆழத்துக்கு இறங்கிவிடும். மேலே மிஞ்சுவது பெரும்பாலும் ரொட்டிஃபர் என்ற இன்னும் நுண்ணிய மிதவை உயிரிதான். பெரிய டாப்னியா நம் சூட்டுக் குளங்களில் எப்படியும் அரிது, கண்ணில் பட்டதை மீனும் விடாது.

இருட்டிய பிறகு தோணியில் ஆழமான இடத்துக்குப் போய் (யானை பார்த்துப் போங்கள்), 50 மைக்ரோன் கண் வலையை அடியிலிருந்து நேராக மேலே இழுத்துப் பாருங்கள். வலை சேற்றில் முட்டினால் அந்த இழுப்பைக் கொட்டிவிடுங்கள்.

அப்போதும் பிராக்கியோனஸ் என்ற ரொட்டிஃபர் மட்டுமே குவிந்திருந்தால், நீரில் ஊட்டச்சத்து மிகுந்துவிட்டதோ என்று சந்தேகிக்கலாம். செக்கித் தட்டையும் (நீரின் தெளிவை அளக்கும் வட்டத் தட்டு) இறக்கி ஒப்பிடுங்கள்.

அப்புறம், மாரிக்கு முன்னும் பின்னும் எடுத்ததைக் கலந்து ஷானன் சுட்டெண் (இனப் பன்மையின் அளவு) போடாதீர்கள். குளம் நிரம்பி வான் பாயும்போது மிதவை உயிரிகளும் தண்ணீரோடு போய்விடும்.