பின்னால் வரும் எதிரி பின்னால் கேட்க: பழைய 5.1 ஹோம் தியேட்டரில் பிஎஸ்5

கேள்வி: வீட்டில் பிஎஸ்5 இருக்கிறது, 43 அங்குல 4கே டிவி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் டிவிடி பிளேயருக்காக வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர் ஒன்றும் சும்மா கிடக்கிறது. டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து வயர் இழுத்து அதன் ஆக்ஸில் மாட்டினேன். ஐந்து ஸ்பீக்கரும் பாடுகின்றன, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே சத்தம்தான். கேமில் பின்னால் ஓடி வருகிறவன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஐயாயிரம் ரூபாய்க்குள் இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை சவுண்ட்பாருக்குப் போய்விடலாமா?

பதில்: பெரும்பாலும் முடியும். குறை ஹோம் தியேட்டரில் இல்லை, வயரில் இருக்கிறது. ஹெட்போன் ஜாக்கில் இடது, வலது என்று இரண்டு சேனல்தான் வரும். ஹோம் தியேட்டர் அந்த இரண்டையே நகலெடுத்து ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு வைக்கிறது. பின் ஸ்பீக்கருக்கென்று தனியாக ஒன்றுமே வந்து சேரவில்லை.

முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஆக்ஸ் தவிர ஆறு ஆர்சிஏ துளைகள் (வட்டப் பின் சொருகுபவை) தனியாக இருக்க வேண்டும். அவற்றின் மேல் 'டிவிடி' என்றோ '5.1 இன்புட்' என்றோ எழுதியிருக்கும். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, சென்டர், சப்வூஃபர் என்று ஆறு பெயர்களும் இருக்கும். டிவிடி காலத்துப் பெட்டி என்பதால் உங்களுடையதில் இவை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இப்போது விற்கும் மலிவு செட்டுகள் பலவற்றில் ப்ளூடூத், யுஎஸ்பி, எஃப்எம் எல்லாம் இருக்கும், இந்த ஆறு துளைகள் மட்டும் இருக்காது. அப்படிப்பட்ட பெட்டியில் 5.1 என்பது ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். அதற்கு மேற்கொண்டு பணம் போடாதீர்கள்.

ஆறு துளை இருந்தால், பிஎஸ்5-லிருந்து ஆறு சேனலையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. பிஎஸ்5-ல் ஆப்டிகல் அவுட் (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) கிடையாது, ஒலி எச்டிஎம்ஐ வழியாகத்தான் வெளியே வரும். ஆகவே பாதை இப்படி: பிஎஸ்5-லிருந்து எச்டிஎம்ஐயில் டிவிக்கு, டிவியிலிருந்து ஆப்டிகலில் ஒரு 5.1 டிகோடருக்கு (சுருட்டி வரும் ஒலியை ஆறு சேனலாகப் பிரிக்கும் பெட்டி), டிகோடரிலிருந்து ஆறு ஆர்சிஏ வயரில் ஹோம் தியேட்டருக்கு. புதிதாக வாங்க வேண்டியது டிகோடர், ஒரு ஆப்டிகல் கேபிள், ஆர்சிஏ வயர்கள்.

டிகோடர் வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆப்டிகல் உள்ளே, இரண்டே ஆர்சிஏ வெளியே என்று சில நூறு ரூபாய்க்கு ஒரு குட்டிப் பெட்டி கிடைக்கும். அது வெறும் டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டர். ஸ்டீரியோ மட்டும்தான் அதற்குப் புரியும். ஆறு சேனலையும் சுருட்டி வைத்த டால்பி சிக்னலைக் கொடுத்தால் மௌனமாக இருக்கும், அல்லது 'கர்ர்ர்' என்று இரையும். உங்களுக்கு வேண்டியது 'டால்பி டிஜிட்டல்' அல்லது 'ஏசி-3' என்று அட்டையில் போட்ட, ஆறு வெளியீடு உள்ள பெட்டி. சிலவற்றில் ஆறு ஆர்சிஏவுக்குப் பதில் மூன்று 3.5 மி.மீ. ஜாக் இருக்கும். அதற்கு 3.5 மி.மீ.-லிருந்து இரண்டு ஆர்சிஏவாகப் பிரியும் கேபிள் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் கடைத் தெருக்களில் அசெம்பிள் செய்பவர்களுக்கென்று 'புரோலாஜிக் போர்டு' விற்பார்கள். அது ஸ்டீரியோவிலிருந்து பின் சத்தத்தை ஊகித்து உண்டாக்குவது. பாட்டுக்குச் சுகமாக இருக்கும், எதிரி நிற்கும் திசையைச் சொல்லாது.

அடுத்தது பிஎஸ்5 செட்டிங். செட்டிங்ஸில் சவுண்ட், அதற்குள் ஆடியோ அவுட்புட். எச்டிஎம்ஐ சாதனத்தின் வகை டிவி என்று இருந்தால் அதை ஏவி ஆம்ப்ளிஃபயர் என்று மாற்றி, சேனல் எண்ணிக்கையை 5.1 ஆக்குங்கள். பிறகு ஆடியோ ஃபார்மட் என்ற இடத்தில் லீனியர் பிசிஎம்-ஐ (சுருக்காத ஒலி) எடுத்துவிட்டு டால்பி பிட்ஸ்ட்ரீமை (சுருக்கிய ஒலி) வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தை விட்டுவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. காரணம் எளிய கணக்கு. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஸ்டீரியோ பிசிஎம்முக்கு நொடிக்குச் சுமார் 15 லட்சம் பிட் வேண்டும். ஆறு சேனலுக்கு 46 லட்சம். ஆப்டிகல் என்ற சந்து ஸ்டீரியோவை மனதில் வைத்துப் போடப்பட்டது, ஆறு சேனல் பிசிஎம் அதில் நுழையாது. டால்பி டிஜிட்டலோ ஆறு சேனலையும் அதிகபட்சம் 6.4 லட்சம் பிட்டுக்குள் சுருட்டிவிடும். டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் சாதாரண ஏஆர்சி எச்டிஎம்ஐக்கும் இதே கட்டுப்பாடுதான். அதன் புதிய வடிவமான இஏஆர்சி உள்ள டிவியில்தான் ஆறு சேனல் பிசிஎம் அப்படியே போகும். பட்டியலில் டிடிஎஸ் (டால்பி போன்ற இன்னொரு முறை) தெரிந்தாலும் தொடாதீர்கள். அதைக் கடத்தாத டிவிகள் நிறைய.

டிவி பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்ற இடம் பிசிஎம்மில் இருந்தால் பாஸ்த்ரூ, பிட்ஸ்ட்ரீம், ஆட்டோ என்று இருப்பதில் ஒன்றுக்கு மாற்றுங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். இனி ஒலியளவு ஹோம் தியேட்டர் ரிமோட்டில்தான். ஆப்டிகலில் வரும் அளவை டிவி ரிமோட் பெரும்பாலும் அசைக்காது.

இவ்வளவும் செய்தபின் டிகோடரில் டால்பி விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. எரியாமல் பிசிஎம் என்றே காட்டினால், உங்கள் டிவி எச்டிஎம்ஐயில் வரும் 5.1-ஐ ஸ்டீரியோவாகக் குறைத்துத்தான் ஆப்டிகலுக்கு அனுப்புகிறது. டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் படம் போட்டால் 5.1 வருகிறதே என்று குழம்ப வேண்டாம். சொந்த ஆப்பின் ஒலியை முழுதாக அனுப்பிவிட்டு வெளியிலிருந்து வருவதை மட்டும் குறைக்கும் டிவிகள் உண்டு. இதற்கு மருந்து எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர். பிஎஸ்5-க்கும் டிவிக்கும் நடுவே அதை வைத்தால் படம் டிவிக்குப் போகும், ஒலி அதன் ஆப்டிகல் துளை வழியாக டிகோடருக்குப் போகும். பெட்டியில் 'பாஸ், 2 சேனல், 5.1' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை 5.1-ல் தள்ளுங்கள். பாஸில் விட்டால் பிஎஸ்5 டிவியிடம்தான் விசாரிக்கும், டிவி மறுபடியும் 'எனக்கு இரண்டு போதும்' என்றுதான் சொல்லும். வாங்கும்போது 18 ஜிபிபிஎஸ், 4கே 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் '4கே' என்று போட்ட பழைய மாடல்கள் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், கேம் திக்கித் திக்கி ஓடும். 120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியில் 120-ம் விஆர்ஆரும் (கேமின் வேகத்துக்கேற்ப திரையின் வேகத்தை மாற்றும் வசதி) போய்விடும். 60 ஹெர்ட்ஸ் டிவியில் பெரும்பாலும் இழக்க எதுவும் இல்லை.

ஆர்சிஏ வயர்களை மாட்டும்போது ஹோம் தியேட்டரை அணைத்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் சப்வூஃபர் 'டமார்' என்று அடிக்கும். சென்டரும் சப்வூஃபரும் இடம் மாறுவது சகஜம். வசனம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் சப்வூஃபரில் முனகினால், அந்த இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள். டிகோடருக்கு மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காமல் தனி 5 வோல்ட் சார்ஜரில் கொடுங்கள். 'ம்ம்' என்ற இரைச்சல் பல வீடுகளில் அதனாலேயே நிற்கும்.

எல்லாம் சரியாக வந்தபின் ஒரு புகார் எழும்: "ஆக்ஸில் பேஸ் நன்றாக இருந்தது, 5.1-ல் குறைந்துவிட்டது." இதில் பழுது எதுவும் இல்லை. ஆக்ஸில் இடது வலது சேனல்களிலிருந்து பேஸைப் பிரித்து சப்வூஃபருக்குக் கொடுக்கும் சர்க்யூட் வேலை செய்தது. ஆறு துளை வழியில் சப்வூஃபருக்குப் போவது '.1' சேனல் மட்டும். குண்டு வெடித்தால் அதிரும். கார் எஞ்சினின் உறுமல் முன் சேனலில் இருந்தால் அது சின்ன ஸ்பீக்கரோடு போய்விடும். டிகோடரில் ஸ்பீக்கர் அளவு 'ஸ்மால், லார்ஜ்' என்று கேட்கும் வசதி இருந்தால் ஐந்தையும் ஸ்மால் ஆக்குங்கள், கீழ் ஒலிகள் சப்வூஃபருக்குத் திரும்பும். அந்த வசதியுள்ள பெட்டிக்குச் சில நூறு கூடக் கொடுக்கலாம்.

ஸ்பீக்கர் இடம். முன் இரண்டும் டிவிக்கு இருபுறம், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில். நேர் முன்னாலிருந்து பக்கத்துக்கு 22 முதல் 30 டிகிரி வரை இருக்கட்டும். பின் ஸ்பீக்கர் என்று பெயர் இருப்பதால் தலைக்கு நேர் பின்னால் வைக்கிறார்கள், அது தவறு. 110 முதல் 120 டிகிரி, அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில்தான் அதன் இடம். சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் பக்கச் சுவரில், காதுக்கு இரண்டடி மேலே மாட்டி உங்களை நோக்கித் திருப்புங்கள். பக்கச் சுவரே இல்லாத ஹாலில் ஸ்டாண்டுதான் வழி. வயர் நீட்ட வேண்டுமென்றால் 0.75 சதுர மி.மீ. இரட்டை வயர் ஐந்தாறு மீட்டருக்குத் தாராளம். சிவப்பும் கருப்பும் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி போக வேண்டும். ஒன்று மட்டும் தலைகீழானால் சத்தம் வரும், ஆனால் திசை கலங்கி பேஸ் மெலிந்துவிடும்.

பின் ஸ்பீக்கர் முன்னவற்றைவிட அருகில் இருப்பதால் காதில் ஓங்கும். உட்காரும் இடத்தில் போனை வைத்து, ஒலி அளக்கும் ஏதாவது ஆப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இராது, ஒப்பிட அது போதும். சப்வூஃபருக்கு மட்டும் காதை நம்புங்கள், போன் மைக் கீழ் ஒலிகளைச் சரியாகப் பிடிக்காது.

சோதிக்கக் கேமே போதும். பாத்திரத்தை ஓர் அருவி அல்லது ஓடும் ரேடியோ பக்கத்தில் நிறுத்திவிட்டு கேமராவை மெதுவாக இடப்பக்கமாக ஒரு சுற்று சுற்றுங்கள். சத்தம் முன் வலது, பின் வலது, பின் இடது, முன் இடது என்று உங்களைச் சுற்றி வர வேண்டும். நடுவில் தாவினால் அங்கே வயர் மாறியிருக்கிறது. பின்பக்கம் மட்டும் ஊமையாக இருந்தால் அந்தக் கேமின் சொந்த ஆடியோ மெனுவைத் திறந்து பாருங்கள். ஹெட்போன் அல்லது டிவி என்று இருந்தால் ஹோம் தியேட்டர் என்று மாற்றுங்கள்.

சவுண்ட்பார்? உங்களுக்கு வேண்டாம். இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் முன்னாலிருந்தே பின் சத்தத்தைப் பாவனை செய்பவை. பக்கச் சுவர் இல்லாத ஹாலில் அதுவும் எடுபடாது. ப்ளூடூத்தில் இணைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள், அதில் ஸ்டீரியோதான் வரும், அதுவும் தாமதமாக, சுட்ட பிறகுதான் வெடி கேட்கும்.

நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அது 5.1-ஐ லீனியர் பிசிஎம்மாக மட்டுமே தரும், டால்பியாகத் தராது. எச்டிஎம்ஐயில் பிசிஎம் வாங்கும் ஏவி ரிசீவர் வேண்டும். பழையது வாங்கினால் 230 வோல்ட் மாடலா என்று பின்புறம் படித்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்க, ஜப்பானிய இறக்குமதிகள் 120, 100 வோல்ட்டில் ஓடுபவை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், எக்ஸ் இரண்டிலும் பிட்ஸ்ட்ரீம், டால்பி டிஜிட்டல் என்று தேர்ந்தெடுத்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

டிகோடர் வந்து சேரும்வரை, வீட்டில் கிடக்கும் சாதாரண வயர் ஹெட்போனை பிஎஸ்5 கன்ட்ரோலரின் ஜாக்கில் சொருகி, சவுண்ட் மெனுவில் 3டி ஆடியோவை இயக்குங்கள். அங்குள்ள ப்ரொஃபைல்களில் ஒலி காதின் உயரத்தில் கேட்பது எதுவோ அதை வையுங்கள். '7.1' என்று விற்கும் யுஎஸ்பி கேமிங் ஹெட்செட்டாக இருந்தால் அதன் சரவுண்ட் பட்டனை அணைத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பும்.