அம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறேன். நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய் செலவு செய்கிறவர் ஏழை இல்லை என்று 2011இல் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் சொன்னதைப் பாடத்தில் படித்தோம். வகுப்பே சிரித்தது. வீட்டில் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "அதில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொகையை எப்படித்தான் போட்டார்கள்?

கு., விருதுநகர்

அன்புள்ள கு.,

அம்மாவின் கேள்வியையே பிடித்துக்கொள்வோம்.

1962இல் ஆளுக்கு மாதம் 20 ரூபாய் என்று ஒரு வறுமைக் கோடு போட்டார்கள்; அதற்குக் கீழே செலவழிக்கிறவர் ஏழை. அதில் ஆஸ்பத்திரியும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இரண்டையும் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

1979இல் வந்த கணக்குதான் முக்கியம். கிராமத்தில் ஒருவருக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100 வேண்டும் என்றார்கள். துணிக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு என்று தனியாகப் பட்டியல் போடவில்லை. மாதம் எவ்வளவு செலவழிக்கிறவர்கள் சராசரியாக அந்தக் கலோரியைச் சாப்பிடுகிறார்கள் என்று தேடினார்கள். அவர்களுடைய மொத்தச் செலவுதான் கோடு. 1973-74 விலையில் கிராமத்துக்கு 49 ரூபாய் சொச்சம், நகரத்துக்கு 56 ரூபாய் சொச்சம். சாப்பாடு போக மிச்சமெல்லாம் அந்த மக்கள் என்ன செலவழித்தார்களோ அதுதான். காசில்லை என்று காய்ச்சலோடு படுத்துக் கிடந்தவரின் மருந்துச் செலவு பூஜ்யம். அந்தப் பூஜ்யமும் சராசரியில் சேர்ந்துவிட்டது. அப்புறம் பல வருஷம் விலைவாசிக்கு ஏற்ப இதையே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

2009இல் பொருளாதார நிபுணர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு கலோரியை விட்டுவிட்டது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் மக்கள் கைக்காசு போவதையும் கணக்கில் கொண்டது. ஆனால் அதற்கு அடித்தளம் நகரத்துக்குப் போட்ட பழைய கோடுதான். அந்த 32 ரூபாய் இந்த வழியில் வந்ததுதான்.

ஊரே சிரித்த பிறகு, ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் ரங்கராஜன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2014இல் அது நாளைக்கு நகரத்துக்கு 47 ரூபாய், கிராமத்துக்கு 32 ரூபாய் என்றது. (அதே 32, இடம்தான் மாறியது.) 2011-12க்கு டெண்டுல்கர் முறையில் சுமார் 27 கோடியாக இருந்த ஏழைகள், அதே வருஷத்துக்கு 36 கோடி ஆனார்கள். இந்தக் குழு உடை, வாடகை, போக்குவரத்து, கல்வி நான்குக்கும் செலவு வரிசையில் சரிநடுவில் இருக்கும் மக்கள் செய்யும் செலவை அளவாக வைத்தது. என்னைக் கேட்டால் இதுவரை போட்டதில் கொஞ்சம் நியாயமான கோடு இதுதான். ஆனால் மருத்துவம் அந்த நான்கில் இல்லை. அதற்கு மறுபடியும் 'செலவழித்தது எவ்வளவோ அவ்வளவு' கதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் கோடுகளெல்லாம் வருமானத்தை அளப்பதில்லை, செலவைத்தான் அளக்கின்றன. வட்டிக்குக் கடன் வாங்கி ஆஸ்பத்திரியில் கட்டினாலும் அது செலவுதான். ஆபரேஷன் முடிந்து நகையெல்லாம் அடகுக்குப் போன வீடு, அந்த வருஷக் கணக்கில் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கக்கூடும்.

இதை அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.