சட்டையின் நிறம் என்ன என்று தம்பியிடம் கேளுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகனின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னைப் பார்க்க வந்தபோது அரை மணி நேரமும் நீங்களே பேசினீர்கள். உங்கள் பையன், நம் தம்பி, ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். "விமானம் தாங்கிக் கப்பலில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்றீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, தாழ்ந்த குரலில், "2004-இல் கடல் எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டது போதாதா?" என்றும் கேட்டீர்கள். அதற்கு அப்போது என் வாயில் பதில் வரவில்லை. யோசித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு இந்த மாதம் எடுக்க வேண்டிய முடிவு கப்பலைப் பற்றியது அல்ல, பிளஸ் ஒன் குரூப்பைப் பற்றியது. அவனுடைய அப்பா வணிகவியல் போதும் என்கிறார். வணிகவியலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கணிதமும் இயற்பியலும் இல்லாமல் பிளஸ் டூ முடித்தால், அவன் ஆசைப்படும் இடத்துக்குப் போகிற கதவுகளில் பெரும்பாலானவை பதினேழு வயதிலேயே சாத்தப்பட்டுவிடும். பிறகு தட்டிப் பயன் இல்லை. அவை இரண்டும் உள்ள முதல் குரூப்பில் சேருங்கள். பின்னால் மனம் மாறி பி.காம் படிக்க நினைத்தால் முதல் குரூப்பிலிருந்து போகலாம். வணிகவியலிலிருந்து இந்தப் பக்கம் வர முடியாது.

இனி கப்பலுக்கு வருவோம். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது தம்பியிடம் ஒரு காகிதம் கொடுத்து, மனதில் இருக்கும் கப்பலை வரையச் சொன்னேன், நினைவிருக்கிறதா? நன்றாகவே வரைந்தான். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த சரிவு, அதிலிருந்து எழும்பும் போர் விமானம், கண்ணாடிக் கூண்டுக்குள் தலைக்கவசத்துடன் ஒரு விமானி. ஆனால் கப்பலின் மேல்தளத்தில் ஓர் ஆள்கூட இல்லை. பரந்த மைதானம் போலக் காலியாக விட்டிருந்தான். இந்தக் கடிதம் முழுவதும் அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான்.

கொச்சியில் கட்டப்பட்டு 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்த விமானம் தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விக்ராந்த் 262 மீட்டர் நீளம். ஏறத்தாழ 1,600 பேர் அதில் வாழ்ந்து வேலை பார்க்கிறார்கள். ஒரு சிறிய கிராமத்தின் மக்கள்தொகை. அதில் போர் விமானம் ஓட்டுகிறவர்களை எண்ணச் சில பத்து விரல்கள் போதும். மற்றவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்பது தம்பிக்குத் தெரியாது. தெரியாததில் வியப்பில்லை, வீடியோ எடுப்பவர்கள் அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புவதே இல்லை.

ஒரு விமானம் கிளம்புவதைப் பாருங்கள். கரையில் ஓடுதளம் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். கப்பலில் அந்த நீளத்தில் ஒரு துண்டுதான் உண்டு. அமெரிக்கர்களின் நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் தளத்துக்கு அடியில் நீராவியால் இயங்கும் விசைப்பொறி இருக்கிறது. விமானத்தை முன்சக்கரத்தில் பிடித்து, இரண்டு விநாடியில் மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கொடுத்து வீசிவிடுகிறது. நம்முடைய விக்ராந்திலும், நம்மிடம் உள்ள இன்னொரு விமானம் தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யாவிலும் அது இல்லை. சக்கரத்தைத் தடுப்பு பிடித்துக்கொண்டிருக்க, இன்ஜின் முழு வேகத்துக்கு வந்த பிறகு தடுப்பு விலகும். விமானம் ஓடிப்போய் அந்த வளைந்த சரிவில் ஏறித் துள்ளும். செலவு குறைந்த வழி. ஆனால் அதிக எடையைச் சுமந்துகொண்டு எழும்ப முடியாது.

இரண்டு முறைக்குமே காற்று வேண்டும். கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பி வேகமாக ஓடினால், விமானம் நகர்வதற்கு முன்பே இறக்கைக்குக் கொஞ்சம் காற்று கிடைத்துவிடுகிறது. இது உங்கள் வீட்டுக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, கொண்டல் காற்றும் கச்சான் காற்றும் பார்த்துப் படகை விடுகிறவர்களோடு பழகியவர். 1783 ஜூனில் நம் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதியபோதுகூட, நிலையில்லாத காற்றால் நாள்கணக்கில் தவித்து, 20ஆம் தேதிதான் சண்டையே நடந்தது. பாய்மரம் போய்விட்டது, காற்றைப் பார்க்கிற வேலை போகவில்லை.

இறங்குவதுதான் கடினம். தேவனாம்பட்டினத்தில் படகு கரையேறும்போது தண்டு பிடிப்பவர் அலையை எண்ணிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தவறான அலையில் வந்தால் படகு கவிழும். விமானிக்கும் அதே கதைதான். அவருக்குக் கீழே இருக்கும் கரையே மேலும் கீழும் ஆடுகிறது. மணிக்கு 240 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வந்து, வாலுக்கு அடியில் தொங்கும் கொக்கியால் தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடத்தைப் பிடிக்க வேண்டும். நம் கப்பல்களில் மூன்று வடங்கள். கொக்கி மாட்டியதும் வடம் வெடுக்கென்று நிற்காது. நின்றால் விமானம் இரண்டாகப் பிய்ந்துவிடும். தளத்துக்குக் கீழே உள்ள இயந்திரம் வடத்தை விட்டுக்கொண்டே இழுத்துப் பிடிக்கிறது. விட்டுப் பிடிப்பது என்று நாம் சொல்கிறோமே, அதை எழுத்துக்கு எழுத்து அங்கே பார்க்கலாம். ஏறத்தாழ 90 மீட்டருக்குள், இரண்டரை விநாடியில் விமானம் நின்றுவிடுகிறது.

இன்னொரு விந்தை: தளத்தைத் தொட்டவுடன் விமானி வேகத்தைக் குறைப்பதில்லை, முழுதாகக் கூட்டுகிறார். கொக்கி வடத்தைத் தவறவிட்டால் மறுபடி பறந்தாக வேண்டுமே. இறங்கும் பாதையைக் கப்பலின் நேர்கோட்டிலிருந்து சற்றுச் சாய்த்து வைத்திருப்பதும் இதற்காகத்தான். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ்காரர்கள் கண்ட வழி இது. அதற்கு முன்பு வடத்தைத் தவறவிட்ட விமானம், முன்னால் நிறுத்தி வைத்திருந்த மற்ற விமானங்கள் மீது போய் விழும் ஆபத்து இருந்தது.

இப்போது அந்தக் காலி இடத்துக்கு வாருங்கள். அந்த வடத்தை யார் ஆய்வு செய்தார்கள்? அடியில் உள்ள இயந்திரத்தை, வருகிற விமானத்தின் எடைக்கு ஏற்ப யார் திருத்தி வைத்தார்கள்? எரிபொருள் ஊற்றியது யார், குண்டு மாட்டியது யார், சக்கரத்துக்குக் கட்டை வைத்தது யார்? ஜெட் இரைச்சலில் பக்கத்தில் கத்தினாலும் காது கேட்காது. அதனால் தளத்தில் வேலை செய்பவர்களுக்கு நிறநிறமாகச் சட்டை. அமெரிக்கக் கடற்படையின் வழக்கம் உலகப் பிரசித்தம்: மஞ்சள் சட்டைக்காரர் விமானத்தை எங்கே நகர்த்துவது என்று கையசைத்துச் சொல்வார், ஊதா எரிபொருள், சிவப்பு ஆயுதமும் தீயணைப்பும், பச்சை விசைப்பொறியும் வடமும், நீலம் இழுவை வண்டியும் சக்கரக் கட்டையும், வெள்ளை பாதுகாப்பும் மருத்துவமும், பழுப்புச் சட்டைக்காரர் ஒரு குறிப்பிட்ட விமானத்தைத் தன் பிள்ளை போலப் பார்த்துக்கொள்பவர்.

பறத்தல் தொடங்கும் முன் இத்தனை சட்டைகளும் தோளோடு தோள் வரிசையாக நின்று, தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். ஒரு திருகாணி, ஒரு கம்பித் துண்டு கிடந்தாலும் பொறுக்கிவிட வேண்டும். இன்ஜின் அதை உறிஞ்சினால் உள்ளே சுழலும் தகடுகள் சிதைந்துவிடும். அதிகாரி, மாலுமி என்று பார்ப்பதில்லை. அரிசியில் கல் பொறுக்கும் கண் வேண்டும், அவ்வளவுதான்.

தம்பியைப் பற்றி நீங்கள் சொல்லாத ஒன்றை நான் கவனித்தேன். உங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். அவன் லீவு நாள்களில் கூடவே போகிறான், அவன் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. பையன் வரைந்தது விமானியை. கை பழகியிருப்பதோ இயந்திரத்தில். 1971 போரில் வங்காள விரிகுடாவுக்குப் போன, இதே பெயர் கொண்ட பழைய விக்ராந்த் கப்பலின் கொதிகலன் ஒன்றில் விரிசல். மீதியை வைத்துக்கொண்டு கப்பலை ஓட்டிக்காட்டினார்கள் பொறியாளர்கள். அதன் தளத்திலிருந்து எழும்பிய சீ ஹாக் விமானங்கள்தான் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. இந்தக் கதையைச் சொன்னபோதுதான் அன்று அவன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

வழிகளைச் சொல்கிறேன். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 70 சதவீதமும், பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் எடுத்து, ஜேஇஇ மெயின் என்ற பொறியியல் நுழைவுத் தேர்வை எழுதினால், கடற்படையின் பி.டெக் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். கேரளத்தில் எழிமலையில் நான்கு ஆண்டு படிப்பு, செலவு முழுவதும் கடற்படையுடையது, முடித்தால் அதிகாரி. என் கணக்கில் தம்பிக்கு முதலில் முயல வேண்டியது இதுதான். யுபிஎஸ்சி நடத்தும் என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு இன்னொன்று, ஆண்டுக்கு இரண்டு முறை வரும். விமானியாகத்தான் வேண்டும் என்றால் அது வழியாகவோ, பட்டம் முடித்த பிறகோ போகலாம். இரண்டிலும் எழுத்தைவிட ஐந்து நாள் நேர்காணல்தான் நம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறது, வாய் திறந்து பேசாததால். ஜன்னலைப் பார்க்கிற பழக்கத்தை இப்போதே மாற்ற வேண்டும்.

நான்கு ஆண்டு மட்டும் படையில் சேர்த்துக்கொள்ளும் அக்னிவீர் வழியும் உண்டு. பிளஸ் டூவில் கணிதம், இயற்பியலுடன் தேறியவர்களை மாலுமிகளாக எடுத்து ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்காவில் பயிற்சி தருகிறார்கள். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் சேமிப்பு நிதிக்குப் போகும். நான்கு ஆண்டு முடிவில் 10 லட்சத்துக்குச் சற்று மேல் கையில் வரும். ஆனால் நான்கில் ஒரு பங்கு வரைதான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் இருபத்து இரண்டு, இருபத்து மூன்று வயதில் வீடு திரும்புவார்கள். இதை மறைத்து "அரசு வேலை" என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடலுக்கே போகாமலும் இந்தக் கப்பல்களோடு வாழலாம். விக்ராந்தைக் கட்டிய கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் ஃபிட்டர், வெல்டர் முதல் பொறியாளர் வரை ஆள் வேண்டும். சென்னை ஐஐடியில் கடல்சார் பொறியியலும் கப்பல் வடிவமைப்பும் படிக்கலாம். உங்கள் பயத்துக்கு இது மருந்து என்றால் அவனிடம் இதையும் எடுத்துச் சொல்லுங்கள், திணிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "மெர்ச்சன்ட் நேவி" என்பது வணிகக் கப்பல் வேலை. அதற்கும் இந்தியக் கடற்படைக்கும் சம்பந்தம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த ஒரு குடும்பம், இரண்டும் ஒன்று என்று நம்பி, ஒரு பயிற்சி நிறுவனத்தில் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருந்தது. கையில் கிடைத்த சான்றிதழ் கப்பலில் ஏறவே உதவவில்லை. கடற்படையில் சேர, தேர்வுக் கட்டணம் தவிர யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம்.

குரூப்பில் சேர்ப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம்: கண் பரிசோதனை. பார்வை மட்டும் அல்ல, நிறம் பிரித்தறியும் சோதனை. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் ஒரு சிறு புத்தகத்தைக் காட்டுவார்கள், ஐந்து நிமிடம் ஆகாது. கடற்படை மருத்துவத் தேர்வில் இதைக் கட்டாயம் பார்ப்பார்கள். சிவப்பும் பச்சையும் குழம்பும் குறை பிறவியிலேயே வருவது, ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம், பயிற்சியால் மாறாது. மூன்று ஆண்டு கோச்சிங் போன பிறகு இதைக் கண்டுபிடித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வாசல் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தளம் ஆபத்தான இடம், போர் இல்லாத நாளிலும். சுழலும் இன்ஜின், அறுந்தால் வீசும் வடம், இருட்டில் ஈரத்தளம். பயப்பட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எல்லாரும் பயத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள்; சட்டை நிறமும், குனிந்து நடக்கும் வரிசையும், சாய்ந்த பாதையும் அந்தப் பயம் கற்றுக்கொடுத்தவை. தம்பியும் உங்கள் வீட்டில் அதை அறிந்து வளர்ந்தவன்தான். அவனிடம் 2004 பற்றி நீங்கள் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? இல்லை என்றால், குரூப்பைப் பற்றிப் பேசும் முன்பு அதைப் பேசுங்கள்.

அடுத்த ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல் வாருங்கள், காலையில் கூட்டம் அதிகம். கண் மருத்துவரின் சீட்டையும், அந்தப் படத்தையும் கொண்டுவரட்டும். தளத்தில் ஆட்களை வரைந்து, தான் நிற்கும் சட்டைக்கு மட்டும் நிறம் தீட்டி வரச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள் அம்மா, இந்த முறை அவனே பேசட்டும்.