ஆர்க்கிட் பூ பத்தி கேட்டிருந்தீங்க, இதோ பதில்

கல்யாண மேடையில வைக்கிற ஊதா பூ ஆர்க்கிட்தானா, எப்படி கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலும் டென்ட்ரோபியம் ஆர்க்கிட்தாங்க. எண்ணிப் பாருங்க, வெளியில மூணு இதழ், உள்ள மூணு, உள்ள இருக்கிறதுல ஒண்ணு மட்டும் நாக்கு நீட்டுன மாதிரி தனியா தெரியும், அதுக்கு உதடுன்னு பேரு. ஆனா அசல் அடையாளம் நடுவுல நிக்கிற குட்டித் தூண்தான், மத்த பூவுல ஆண் பாகம் பெண் பாகம் தனித்தனியா இருக்கும், இதுல ரெண்டும் ஒட்டி ஒரே தூணா ஆயிடுச்சு. அதோட நுனி மூடியை ஒரு குச்சியால லேசா தூக்குனா மகரந்தம் மஞ்சள் கட்டியா ஒட்டிக்கிட்டு வரும், பவுடரா உதிராது.

மொட்டு நாளுக்கு நாள் திரும்புது, நோயா?

இல்லவே இல்ல. மொட்டுல உதடு மேல் பக்கம் இருக்கும், காம்பு அரைவட்டம் முறுக்கி அதை கீழ கொண்டு வரும், பூச்சி வந்து உக்காரத்தான்.

ஃபெலனாப்சிஸ்னு ஒரு ஆர்க்கிட் வகை வாங்குனேன், பூ ரெண்டு மாசமா வாடலையே, மருந்து அடிச்சிருப்பாங்களா?

மருந்தெல்லாம் இல்லைங்க, அதோட சுபாவமே அதான். மகரந்தக் கட்டி ஒரு தடவை பெண் பாகத்துல போய் சேர்ந்தாலே போதும், ஆயிரக்கணக்குல விதை வரும், அதனால வர்ற பூச்சிக்காக பொறுமையா காத்திருக்கு. மகரந்தம் சேர்ந்துட்டா ரெண்டு மூணு நாள்லயே வாடிரும், அதனால ஆசைப்பட்டு எல்லா பூவுலயும் குச்சி விடாதீங்க!

தென்னைக்கு நடுவுல வெனிலா போட்டேன், பூக்குது, காய் இல்ல.

வெனிலாவும் ஆர்க்கிட்தான், ஆனா மேல சொன்னதுக்கு நேர் எதிர், காலையில விரிஞ்சு அன்னைக்கே முடிஞ்சுடும். சொந்த ஊர் மெக்சிகோ பக்கம், அங்க அதுக்குப் பழகுன பூச்சி இங்க கிடையாது, நீங்கதான் கையால சேர்க்கணும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் (மகரந்தத்தை வாங்கிக்கிற பெண் பாகம்) நடுவுல ஒரு சவ்வு இருக்கும், உதட்டை கிழிச்சு மெல்லிய குச்சியால அந்த சவ்வை மேல தூக்கிட்டு கட்டைவிரலால மகரந்தத்தை சூல்முடி மேல ஒரு அழுத்து, அவ்ளோதான். 1841ல இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவுல எட்மண்ட் ஆல்பியஸ்னு 12 வயசு அடிமைப் பையன் கண்டுபிடிச்ச வழி இது, இன்னைக்கும் தோட்டத்துல இதேதான் செய்றாங்க. எனக்கு அந்தப் பையன் மேல அவ்ளோ மரியாதை. காலையிலயே செஞ்சிடுங்க, தினமும் தோட்டத்தை ஒரு சுத்து சுத்தணும்.

மாமரத்துல ஆர்க்கிட் ஒட்டியிருக்கு, மரத்தை உறிஞ்சுமா?

உறிஞ்சாது, வேர் பட்டையை பிடிச்சுக்கும், தண்ணி மழையிலயும் ஈரக்காத்துலயும்தான். தயவுசெஞ்சு வெட்டாதீங்க. வாண்டாங்கிற ஆர்க்கிட் வகையா இருந்தா பழுப்புல கட்டம் போட்ட இதழும் ஊதா உதடுமா பூக்கும், விட்டு வைங்க.