மல்டிமீட்டர் 0 காட்டினால் மீக்கடத்தியா?

கேள்வி: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பக்கத்துக் கல்லூரியில் திரவ நைட்ரஜன் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாமிரக் கம்பியை அதில் முக்கினால் மின்தடை சுழியாகுமா? மல்டிமீட்டர் 0 காட்டினால் மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாத பொருள், என்று சொல்லிவிடலாமா?

பதில்: ஆகாது டீச்சர். தாமிரம், வெள்ளி, தங்கம் மூன்றும் அருமையான கடத்திகள்தான், ஆனால் எவ்வளவு குளிரவைத்தும் அவை மீக்கடத்தியாக மாறி யாரும் பார்த்ததில்லை. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில், அதாவது −196 டிகிரி செல்சியஸில், தூய தாமிரத்தின் தடை ஏழில் எட்டில் ஒரு பங்காகக் குறையும், அவ்வளவுதான். மல்டிமீட்டரை இதற்கு நம்பவே நம்பாதீர்கள். ஒரு முழக் கம்பியை மேசைமேல் வைத்து அளந்தாலே 0-வை ஒட்டித்தான் காட்டும், அதில் தெரிகிற கொஞ்சநஞ்சமும் பெரும்பாலும் மீட்டர் ஒயரின் தடை.

1911-இல் நெதர்லாந்தின் லைடன் ஆய்வகத்திலும் இதே சிக்கல்தான். அதற்கு மூன்று வருடம் முன்பு ஹீலியத்தை முதன்முதலில் திரவமாக்கியிருந்த காமர்லிங் ஓன்னஸ், பாதரசத்தை எடுத்துக்கொண்டார். காரணம் எளிது: திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து அதை மிகத் தூய்மையாக்கலாம். மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் அதை உறையவைத்துக் குளிர்வித்துக்கொண்டே போனால், 4.2 கெல்வின் பக்கத்தில் 0.1 ஓம் அளவில் இருந்த தடை, படிப்படியாக இறங்காமல், சட்டென்று ஓமில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. எங்கோ ஷார்ட் சர்க்யூட் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார்கள். அளவீடுகளைச் செய்தவர் கில்லிஸ் ஹோல்ஸ்ட். கட்டுரையின் ஆசிரியராக அவர் பெயர் வரவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தும், வகுப்பில் அவரையும் சொல்லுங்கள்.

சரி, அது உண்மையிலேயே சுழிதானா? எந்த மீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு, அதனால் ஓன்னஸ் 1914-இல் வேறு வழியில் போனார். ஈயக் கம்பிச் சுருளைத் திரவ ஹீலியத்தில் வைத்து, காந்தத்தால் அதில் மின்னோட்டத்தைத் தூண்டி, காந்தத்தை அகற்றிவிட்டார். சுருளுக்கு பேட்டரியும் இல்லை, வேறு எந்த இணைப்பும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் மணிக்கணக்கில் திரும்பியபடியே நின்றது, உள்ளே மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான நிரூபணம் இல்லை.

உங்கள் வகுப்புக்கு இரண்டு செய்யலாம். மோட்டார் வைண்டிங் கடையில் மெல்லிய எனாமல் காப்பர் ஒயர் வாங்கி, சுமார் 10 ஓம் வருமளவுக்குச் சுற்றி, டார்ச் பல்பு, பேட்டரியோடு தொடராக இணைத்து நைட்ரஜனில் இறக்குங்கள். மங்கலான பல்பு பளிச்சென்று எரியும். தடை குறைவதைக் காட்ட இது போதும். மீக்கடத்தியையே காட்ட வேண்டுமென்றால் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வில்லை வேண்டும். 1987-இல் கண்டுபிடித்தது, 90 கெல்வினுக்குச் சற்று மேலேயே மாறிவிடும் என்பதால் நைட்ரஜன் போதும், சின்ன நியோடிமியம் காந்தம் அதன்மேல் மிதக்கும்.

அப்புறம், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், நைட்ரஜன் பாத்திரத்தை இறுக மூடவே கூடாது, வெடிக்கும். நைட்ரஜன் வற்றி வில்லை சூடேறும்போது காந்தம் தொய்ந்து வில்லைமேல் உட்கார்ந்துவிடும், பிள்ளைகள் தவறவிடக் கூடாத இடம் அது, அதனால் வில்லை இருக்கும் தட்டைக் கடைசி பெஞ்சுக்கும் தெரியும் உயரத்தில் வையுங்கள்.