இத்தாலியின் சேட்டாரா எதற்குப் பெயர்பெற்றது?

அமால்ஃபி கடற்கரைக்குப் போகிறவர்கள் சேட்டாராவில் இறங்க வேண்டுமா, அங்கே என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல்லில் பதில்: நெத்திலி.

சலேர்னோ மாகாணத்தில் உள்ள சிறிய மீனவ ஊர் இது. 9ஆம் நூற்றாண்டில் சராசன்கள் எனப்பட்ட அரபு முஸ்லிம்கள் இங்கே தங்கியிருந்தனர். 1534இல் துருக்கியக் கடற்படை தாக்கிப் பலரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றது. கரையில் நிற்கும் காவல் கோபுரம் இத்தகைய கடல் தாக்குதல் பயத்தின் மிச்சம்.

ஊரின் பெருமை ‘கொலதூரா’ என்னும் நெத்திலிச் சாறுதான். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் பிடிக்கும் நெத்திலியின் தலையையும் குடலையும் கையாலேயே நீக்கி, சிறிய மரப் பீப்பாயில் மீன் ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்கு என்று நிரப்பி, மேலே கல்லைப் பாரமாக வைப்பார்கள். மாதக்கணக்கில் ஊறிய பிறகு அடியில் துளையிட்டால் தேன் நிறச் சாறு சொட்டுச் சொட்டாக வடியும். பழைய ரோமானியரின் ‘காரும்’ என்ற மீன் சாற்றுக்கு இது வாரிசு என்பார்கள். 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் இந்தச் சாற்றோடு பூண்டு, ஆலிவ் எண்ணெய் கலந்த ஸ்பகெட்டி கட்டாயம். சாற்றை அடுப்பில் ஏற்றக் கூடாது. ஸ்பகெட்டி வேகும் தண்ணீரில் உப்பும் போடக் கூடாது. மறந்து போட்டால் வாயில் வைக்க முடியாது.

சூரை மீன்பிடிப்பும் எலுமிச்சையும் உண்டு. எலுமிச்சை அந்தக் கடற்கரை முழுவதும் கிடைக்கும். ஜூன் 29 அன்று மீனவர்களின் புனிதர் பேதுருவுக்குத் திருவிழா. கூட்டம் பிடிக்குமென்றால் அன்றே போங்கள்.