எரிவாயு விற்ற டாலர் யாருக்குப் போகிறது?

அன்புள்ள அண்ணன்,

பாப்புவா நியூகினி எரிவாயு ஏற்றுமதியில் பெரிய உபரி காட்டுகிறது. வரவுசெலவுத் திட்டத்திலோ பற்றாக்குறை என்கிறது. வணிகத்தில் மிச்சமென்றால் அரசாங்கத்திடமும் மிச்சம் இருக்க வேண்டாமா? மக்களை ஏமாற்றுகிறார்களா? உபரியுள்ள சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 9 விழுக்காடு எதற்கு?

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

பொருள் சேவை வரியை விட்டுவிடுகிறேன். மண்ணிலிருந்து எதையும் தோண்டி விற்காத சிங்கப்பூரின் கணக்கு வேறு. ஆனால், படிக்கிற பிள்ளை கணக்கைப் புரட்டாமலே ஒரு நாட்டின் மேல் ஏமாற்றுப் பழி போடுவதா?

வணிக உபரி நாடு முழுவதற்குமான கணக்கு. அரசாங்கம் அதில் ஒரு பங்காளி மட்டுமே. பாப்புவா நியூகினியில் 2014இல் திரவ எரிவாயு கப்பலேறத் தொடங்கியது. ஏற்றுமதிக் கணக்கில் சரக்கின் முழு மதிப்பும் ஏறிவிடுகிறது. ஆனால் விற்ற டாலரில் பெரும்பகுதி, ஆலையும் குழாயும் அமைக்கக் கடன் கொடுத்தவர்களுக்கும் வெளிநாட்டுப் பங்குதாரர்களுக்கும் நாட்டுக்கு வெளியிலேயே பிரிந்துவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில், போட்ட முதலீட்டை ஆண்டுதோறும் செலவாகக் கழித்துக்கொள்ளும் தேய்மானச் சலுகை போக வரியும் சொற்பமே. உபரி ஏட்டில் பெருத்திருந்த அதே ஆண்டுகளில், அந்நாட்டு இறக்குமதியாளர்கள் வங்கிகளில் டாலருக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஆகவே, எவ்வளவு விற்றார்கள் என்று கேட்டபின், அந்தப் பணம் யார் கணக்கில் விழுந்தது என்றும் கேட்க வேண்டும்.

சவூதியில் எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பங்கும் அரசுடையது என்பதால் நாட்டின் வணிகக் கணக்கும் அரசாங்கக் கணக்கும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். 2014 நடுவில் 100 டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய், 2016 ஜனவரியில் 30க்கும் கீழே போனது. 2015இலேயே வெளிநாடுகளுடனான வரவு செலவைக் காட்டும் வெளிக்கணக்கு, அரசாங்க வரவுசெலவு இரண்டிலும் பற்றாக்குறை. அரசாங்கம் கட்டுமானக் குத்தகையாளர்களுக்குத் தர வேண்டிய தொகையைத் தாமதித்தது. குத்தகையாளர்கள் கூலியை நிறுத்தினார்கள். என் அத்தை மகன் அப்போது தம்மாமில் கட்டட வேலையில் இருந்தான். மாதக்கணக்கில் சம்பளமில்லை, அவன் வீட்டுக்குச் சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து நான் பணம் அனுப்பினேன். தொலைபேசியில் அவன் முதலில் கேட்பது, "எண்ணெய் விலை ஏறிடுச்சாண்ணே?" உங்கள் கடிதத்துக்கு வெகு முன்பே இந்தக் கணக்கு என்னை அரித்துக்கொண்டிருக்கக் காரணம் அவன்தான்.

எண்ணெய் விற்கும் நார்வேயோ, அந்த வருவாயைச் சேமிக்க 1990இல் சட்டமியற்றி நிதியம் அமைத்தது. 1996இல் முதல் தொகை போட்டது. எண்ணெய் வருவாய் வெளிநாட்டுச் சொத்துகளாகச் சேர, 2001 விதிப்படி நிதியத்தின் மதிப்பில் 4 விழுக்காடு, அதாவது அதன் எதிர்பார்க்கப்படும் ஆண்டு வருவாய் அளவே செலவுக்கு எடுக்கப்பட்டது. 2017இல் அதையும் 3 ஆக்கினார்கள். எண்ணெயை நீக்கிப் பார்த்தால் அங்கும் வரவுசெலவில் பற்றாக்குறைதான், தம்பி. அதை ஈடுகட்டுவது அந்த நிதியம். விலை சரிந்த ஆண்டில் கொத்தனாரின் கூலியில் கைவைக்க வேண்டியதில்லை.

பாப்புவா நியூகினியின் வரவுசெலவு அறிக்கையில் சுரங்க, பெட்ரோலிய வரித்தொகையைத் தேடி, எரிவாயு ஏற்றுமதி மதிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.